தொப்புளும் குளவியும்

கடவுள் நம்பிக்கைக்கும் பரிணாமக் கொள்கைக்கும் சமரசம் சாத்தியமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். சாத்தியம் என்பவருக்கு டார்வினும் வேண்டும், வெள்ளிக்கிழமைக் கோயிலும் வேண்டும். இல்லை என்பவருக்கு, ஏற்கெனவே செத்துவிட்டதாக அவர் நினைக்கும் கடவுளை இன்னொரு தடவை கொல்ல ஒரு கத்தி வேண்டும். இரண்டு பேருக்கும் இந்தக் கேள்வியால் நஷ்டம் எதுவுமில்லை. நஷ்டப்பட்ட ஆட்களைப் பார்ப்பதே உபயோகமானது என்று எனக்குப் படுகிறது. பிலிப் ஹென்றி காஸ் அப்படி ஒருவர். தன் காலத்திலேயே சிரிக்கப்பட்டவர். இன்றும் அடிக்குறிப்புகளில் சிரிக்கப்படுகிறவர்.

1810இல் பிறந்தவர். கடல் உயிர்களைப் பற்றி அவர் காலத்து இங்கிலாந்தில் அவர் அளவுக்குக் கண்ணால் பார்த்து எழுதியவர்கள் மிகக் குறைவு. டெவன்ஷயர் கடற்கரைப் பாறைக் குழிகளில் முழங்கால் தண்ணீரில் நின்று கடல் அனிமோன்களைச் சேகரித்து, தானே படம் வரைந்து, பெயரிட்டு வகைப்படுத்தினார். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853இல் திறந்த மீன்காட்சியகத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. அக்வேரியம் என்ற சொல் ஜனங்கள் வாயில் புழங்கியது 1854இல் வந்த அவர் புத்தகத்துக்குப் பிறகு. 1856இல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. இதே மனிதர் பிளிமத் பிரதரன் என்ற கடுமையான சபையைச் சேர்ந்தவர். வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் அப்படியே மெய். கிறிஸ்து இன்று மாலையே திரும்பி வரக்கூடும். இதை உருவகமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தபால்காரர் வருவதை எதிர்பார்ப்பது போல எதிர்பார்த்தார்.

1857 பிப்ரவரியில் அவர் மனைவி எமிலி மார்புப் புற்றுநோயால் இறந்தார். அதே வருஷம் அவர் வெளியிட்ட புத்தகம் 'ஓம்ஃபலோஸ்'. கிரேக்க மொழியில் தொப்புள் என்று அர்த்தம். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஆனால் பூமியின் வயதைப் பற்றிப் பாறைகள் சொல்லிக்கொண்டிருந்த சாட்சியம் காஸுக்கு நன்றாகத் தெரியும். அவரும் அந்தச் சாட்சியத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான்.

அவர் வாதம் இப்படிப் போகிறது. உயிர் என்பது ஒரு வட்டம். கோழிக்கு முன் முட்டை, முட்டைக்கு முன் கோழி. மரத்துக்கு முன் விதை, விதைக்கு முன் மரம். சிருஷ்டி என்பது இந்த வட்டத்துக்குள் ஏதோ ஒரு இடத்தில் திடீரென்று நுழைவது. எந்த இடத்தில் நுழைந்தாலும் அந்த இடத்துக்கு ஒரு முந்தைய இடம் உண்டு. அதன் அடையாளம் அங்கே இருந்தே தீரும். படைக்கப்பட்ட நிமிஷத்திலேயே மரத்துக்குள் வருஷ வளையங்கள் இருந்திருக்கும். ஆதாமுக்குத் தாய் இல்லை, ஆனாலும் தொப்புள் இருந்திருக்கும். அதே போல, படைக்கப்பட்ட நிமிஷத்திலேயே பூமிக்குள் புதைபடிவங்கள் இருந்திருக்கும், நடவாத ஒரு பழங்காலத்தின் அடையாளங்களாக. இந்த வாதத்தை அவர் பாதியில் விட்டுவிடவில்லை. பக்கம் பக்கமாக, செடியாக, சிப்பியாக, விலங்காக எடுத்துக்கொண்டு போகிறார். புதைந்து கல்லான பழைய விலங்குகளின் சாணம் வரைக்கும் கணக்குச் சொல்கிறார். புவியியல்காரர்கள் தங்கள் வேலையை நிறுத்த வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். அவர்கள் படிப்பது கடவுள் மனசில் ஓடிய காலத்தை, அவ்வளவுதான்.

நாத்திகரும் ஆத்திகரும் இதைக் கொண்டாடி ஒன்று சேர்வார்கள் என்று தகப்பனார் எதிர்பார்த்ததாக மகன் எட்மண்ட் காஸ் 'தந்தையும் மகனும்' புத்தகத்தில் எழுதுகிறார். இரண்டு தரப்பும் சிரித்தன. சிநேகிதரான சார்ல்ஸ் கிங்ஸ்லி, நாவலாசிரியர், பாதிரியார், சிரிக்கவில்லை. வருத்தத்தோடு கடிதம் எழுதினார். பாறைகள் மேல் கடவுள் ஒரு மாபெரும் பொய்யை எழுதிவைத்திருக்கிறார் என்பதைத் தன்னால் நம்ப முடியாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

பொய் என்ற அந்தச் சொல்லில்தான் என் கவனம் நிற்கிறது. காஸ் வீட்டில் கதை கிடையாது. எமிலி சிறுமியாக இருந்தபோது கதை கட்டுவதில் ஆசை மிகுந்தவர். அது பாவம் என்று அவருக்குப் போதிக்கப்பட்டது. அந்த ஆசையை ஆயுள் முழுவதும் அடக்கிக்கொண்டார். நடக்காததை நடந்தது போலச் சொல்வது பொய், பொய் பாவம். ஆகவே எட்மண்டுக்குச் சின்ன வயசில் யாரும் ஒரு ஊரிலே ஒரு ராஜா என்று ஆரம்பிக்கவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டின் தலைவர், மனைவியைப் புதைத்த அந்த வருஷத்தில், கடவுளைப் பார்த்து என்ன சொல்லிவிட்டார்? நடக்காததை நடந்தது போல, ஒரு முரண்பாடு இல்லாமல், ஒரு விவரம் பிசகாமல் செய்துவைத்தவர் என்று. கடவுளை அவர் நாவலாசிரியர் ஆக்கிவிட்டார். நாவலாசிரியரான கிங்ஸ்லிக்கு அது பொய்யாகத் தெரிந்தது இன்னொரு விநோதம்.

கதை எழுதுகிற ஒவ்வொருவரும் செய்வது காஸின் காரியம்தான். முப்பது வயசு மனிதன் ஒருவன் முதல் வரியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். முழங்காலில் பழைய தழும்பு. அந்தத் தழும்பு உண்டாக்கிய காயம் எங்கும் நடக்கவில்லை. நடந்தது போல இருந்தால்தான் அவன் மனிதன். போர்ஹே 1941இல் காஸைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியது தற்செயல் இல்லை. அந்த வாதத்தின் கோரமான அழகை ரசித்த கையோடு, ஒன்றுமில்லாததிலிருந்து சிருஷ்டி என்ற கருத்தே எவ்வளவு அபத்தமானது என்பதைக் காஸ் தன்னையறியாமல் காட்டிவிட்டதாகவும் போர்ஹே கண்டுகொண்டார். ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர் 1980களில் இதே புத்தகத்தை எடுத்து, இதன் குறை தப்பு என்று நிரூபிக்க வழியே இல்லாததுதான் என்றார். சரி. ஆனால் அது விஞ்ஞானத்தின் தீர்ப்பு. எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. காஸ் எதையும் தண்ணீர் விட்டுக் கலக்கவில்லை. வேதத்தையும் நீர்க்கச் செய்யவில்லை, பாறையையும் நீர்க்கச் செய்யவில்லை. இரண்டையும் முழு எடையோடு தூக்கினார், முதுகு முறிந்தது. வேதத்தில் சொன்ன ஆறு நாளை ஆறு யுகம் என்று மாற்றிச் சொல்லித் தப்பித்துக்கொண்ட அவர் காலத்துக் கனவான்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

சமரசத்தின் சிறந்த வக்கீல் ஆஸா கிரே. ஹார்வர்டு தாவரவியலாளர், பக்தியுள்ள கிறிஸ்தவர், டார்வினின் நண்பர். 1860இல் 'அட்லாண்டிக்' மாத இதழில் அவர் எழுதிய கட்டுரைகளை டார்வினே முன்னின்று லண்டனில் சிறுநூலாக வரச்செய்தார். இயற்கைத் தேர்வு நடக்கட்டும், ஆனால் தேர்வுக்குக் கிடைக்கும் மாறுபாடுகளை நல்ல திசையில் நடத்துவது கடவுள் என்பது கிரேயின் நிலை. இன்றைக்கும் கொஞ்சம் படித்த பக்தர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்வார். டார்வின் 1868இல், வளர்ப்புப் பிராணிகளின் மாறுபாடுகளைப் பற்றிய தம் பெரிய நூலின் முடிவில், இதற்குப் பதில் சொன்னார். மலைச்சரிவிலிருந்து உடைந்து விழுந்த கற்களை வைத்து ஒருவன் வீடு கட்டுகிறான். ஒவ்வொரு கல்லும் அந்த வடிவத்தில் உடைந்ததற்குக் காரணம் உண்டு. பாறையின் இயல்பு, மழை, புயல். ஆனால் வீடு கட்டுகிறவனுக்காக அவை அப்படி உடைந்தன என்று சொல்ல முடியுமா? அப்படிச் சொன்னால் புறா வளர்ப்பவனின் வேடிக்கைக்காகப் புறாவின் தொண்டைப் பையையும் வால் இறகையும் கடவுள் மாற்றிக்கொடுத்தார் என்றும் சொல்ல வேண்டும். மனிதனின் கொடூர விளையாட்டுக்காக நாய்க்கு மூர்க்கத்தைக் கொடுத்தார் என்றும் சொல்ல வேண்டும். அங்கே சொல்ல மாட்டோம் என்றால் இங்கே ஏன் சொல்கிறோம்? நண்பரை எதிர்த்து எழுதுகிற சங்கடம் அந்தப் பக்கத்தில் தெரிகிறது. விரும்பினாலும் கிரேயோடு போக முடியவில்லை என்கிற தொனி. கிரே இதற்குச் சரியான பதில் சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை. வேறு யாரும் சொன்னதாகவும் நினைக்கவில்லை.

அதே கிரேக்கு 1860 மே மாதம் எழுதிய கடிதத்தில்தான் டார்வினின் பிரசித்தமான குளவி வருகிறது. இக்நியூமன் குளவி உயிருள்ள புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்து புழுவைத் தின்று வளரும். அன்பும் சர்வ வல்லமையும் உள்ள ஒரு கடவுள் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று தன்னை நம்பவைத்துக்கொள்ள முடியவில்லை என்கிறார். அதே கடிதத்தில், இந்த அதிசயமான உலகம், முக்கியமாக மனித சுபாவம், எல்லாம் வெறும் மூர்க்க சக்தியின் விளைவு என்று நினைக்கவும் முடியவில்லை என்கிறார். நியூட்டனின் மனசைப் பற்றி ஒரு நாய் யோசிப்பது போலத்தான் இது என்கிறார். வாதத்தில் ஜெயிக்க நினைப்பவன் இப்படி எழுதமாட்டான்.

இந்தக் குளவியின் உறவுக்காரியை நமக்குத் தெரியும். நம் வீட்டுச் சுவரில் மண் கூடு கட்டும் வேட்டுவக் குளவி. பச்சைப் புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, கூட்டுக்குள் வைத்து, முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். சில நாள் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இதைப் பார்த்து வேதாந்தம் ஒரு உவமை செய்தது: பிரமரகீட நியாயம். கொட்டுப்பட்ட புழு குளவியையே இடைவிடாமல் நினைத்து நினைத்துக் குளவியாகவே ஆகிவிடுகிறது; அதுபோல ஜீவன் பிரம்மத்தையே நினைத்துப் பிரம்மமாகிறது. குரு சிஷ்ய பாவத்துக்கு இதைவிட உருக்கமான படிமம் நம் மரபில் அதிகம் இல்லை. எத்தனை தலைமுறை இதில் உருகியிருக்கிறது! கூட்டுக்குள் என்ன நடந்தது என்று நமக்கு இப்போது தெரியும். புழு எதுவாகவும் ஆகவில்லை. தின்னப்பட்டது, கெட்டுப்போகாமல் இருப்பதற்காக உயிரோடு வைக்கப்பட்டு.

உவமை தப்பு என்று சொல்லிக் கைதட்டுவது என் நோக்கமில்லை. உவமைக்குப் பூச்சியியல் பரீட்சை வைக்கத் தேவையில்லை என்று ஒருவர் சொல்லலாம், பெருமளவு சரியும்கூட. என் சங்கடம், ஒரே கூட்டைப் பார்த்து ஒருவர் கடவுளை நெருங்கினார், இன்னொருவர் விலகினார் என்பதில் இருக்கிறது. விலகியவர் புழுவின் பக்கம் நின்று பார்த்தார். நெருங்கியவர் வெளியே வந்த குளவியை மட்டும் பார்த்தார். நம் புதுக்கவிதையில் பிரபஞ்சம், பேரொளி, பரவெளி என்றெல்லாம் எழுதிக் குவிக்கிறோமே, அதில் எத்தனை கவிதை கூட்டை உடைத்துப் பார்த்துவிட்டு எழுதியது? பார்த்த பிறகும் உருக முடிந்தால் அந்த உருக்கத்தை நான் மதிப்பேன். பார்க்க மறுப்பதனால் மட்டுமே நிற்கும் உருக்கத்தின் மேல் எனக்கு மரியாதை வர மறுக்கிறது.

இங்கே சித்தாந்தி குறுக்கிடுவார். புழுவின் வேதனைக்கு வினை இருக்கிறது, பிறவி இருக்கிறது, எல்லாம் அநாதி என்பார். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. காஸுக்கு அவ்வளவு சங்கடம் வந்ததற்குக் காரணம் அவருடைய உலகத்துக்கு ஒரு முதல் நாள் இருந்தது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்றுவிட்டவருக்குத் தொப்புள் பிரச்னையே கிடையாது. எத்தனை கோடி வருஷப் பாறையைக் கொண்டுவந்து காட்டினாலும் அவருடைய கால அளவுக்குள் அது அடங்கிவிடும். இது பெரிய சௌகரியம். ஆனால் வேதனைக்கு வினையைக் காரணமாகச் சொல்கிறபோது அவரும் ஒரு காரியம் செய்கிறார்: இப்போது இருக்கும் காயத்துக்கு, யாரும் பார்த்திராத ஒரு முன்காலத்தைத் தயாரித்துக் கொடுக்கிறார். அந்த இடத்தில் காஸும் சித்தாந்தியும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். தவிர, இயற்கைத் தேர்வில் வேதனை தண்டனையாக வருவதில்லை. அது வேலை செய்யும் முறை. அதிகம் பிறந்து, பெரும்பகுதி சாவதனால்தான் கண்ணும் இறகும் உண்டாகின்றன. கணக்குத் தீர்க்கும் ஏற்பாட்டையும் இந்த ஏற்பாட்டையும் ஒன்றாக்க முடியும் என்று காட்டுபவர் வரட்டும், கேட்கத் தயார்.

அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது தசாவதாரம். மீன், ஆமை, பன்றி, பாதி மிருகம், குள்ளன், மனிதன்: டார்வின் சொன்னதைப் புராணம் அன்றே சொல்லிவிட்டது. மேடைக்கு மேடை கேட்டாயிற்று. இது நம் பாட்டனார்கள் சொன்னதுமல்ல. மேடம் பிளாவட்ஸ்கி 1877இல் 'ஐசிஸ் அன்வெய்ல்ட்' நூலில் போட்ட முடிச்சு. 1882இல் அவருடைய பிரம்மஞான சங்கம் அடையாறுக்குக் குடிவந்தது. டார்வினைக் கண்டு கலங்கிய மேற்கத்தியர் தங்களுக்காகச் செய்த சமாதானத்தை நாம் பூர்விகச் சொத்து என்று பட்டா போட்டுக்கொண்டோம். அவதாரத்தில் மீனிலிருந்து ஆமை பிறக்கவில்லை. ஒரே ஒருவர் வேஷம் மாறி மாறி வருகிறார். தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான பகுப்பும் இப்படியே அகப்பட்டுக்கொண்டு முழிக்கிறது. அது அழகான பகுப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாக அது எங்கும் சொல்லவில்லை. சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் பிறவிகளை அடுக்குவதைக் காட்டி அங்கேயும் பரிணாமம் என்கிறார்கள். அது பிறந்து பிறந்து அலுத்த ஒரு உயிரின் முறையீடு. அந்த அலுப்பைக் கேட்கக் காது இல்லாதவர்கள்தான் அதில் உயிரியல் பாடம் கேட்பார்கள். விஞ்ஞானத்துக்கும் இது அவமானம், கவிதைக்கும் அவமானம்.

மேற்கிலும் இந்த ரகம் உண்டு, கொஞ்சம் உயர்ந்த துணியில் தைத்தது. தெயார் த ஷார்தன், யேசு சபைப் பாதிரியார், சீனாவில் பீக்கிங் மனிதன் அகழ்வில் பங்குகொண்ட உண்மையான புதைபடிவ விஞ்ஞானி. பிரபஞ்சம் முழுவதும் கிறிஸ்துவை நோக்கி ஏறிக்கொண்டிருப்பதாக எழுதினார். திருச்சபை மேலிடம் அனுமதிக்காததால் 'மனிதன் என்ற நிகழ்வு' அவர் இறந்த 1955இல்தான் வந்தது. பீட்டர் மெடவார் 1961இல் 'மைண்ட்' இதழில் எழுதிய மதிப்புரை விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. மற்றவர்களை ஏமாற்றுமுன் தன்னை ஏமாற்றிக்கொள்ள அரும்பாடுபட்டவர் என்ற சலுகையை மட்டுமே தெயாருக்குத் தருகிறார். கொடூரமான தீர்ப்பு, ஆனால் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொன்னது. தெயாரின் ஏறுமுகத்தில் புழு கிட்டத்தட்டக் காணாமலே போய்விடுகிறது. திருச்சபையைப் பொறுத்தவரை, 1950இல் பன்னிரண்டாம் பயஸ் உடம்பைப் பரிணாமத்துக்கு விட்டுக்கொடுத்து ஆன்மாவை நிறுத்திவைத்துக்கொண்டார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்தை விட மேலானது என்று ஒப்புக்கொண்டார். பாகப்பிரிவினைப் பத்திரங்கள். தோப்ஷான்ஸ்கி, ஃபிஷர் போன்ற முதல் தரப் பரிணாம விஞ்ஞானிகள் பக்தர்களாகவும் இருந்தார்கள் என்பது உண்மை. ஒரு மனிதனுக்குள் இரண்டும் குடியிருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. இரண்டும் பேசிக்கொண்டன என்பதற்குச் சாட்சியாகாது.

மறுபடி எட்மண்ட் காஸ். 1907இல் முதலில் பெயர் போடாமல் வெளிவந்த 'தந்தையும் மகனும்' நல்ல உரைநடை; அதில் வாதமில்லை. ஆனால் அதன் உபதலைப்பு இரண்டு சுபாவங்களைப் பற்றிய ஆய்வு என்கிறது. தகப்பனாருக்கு அது மெய்யா பொய்யா என்ற கேள்வி. மகனுக்கு அது சுபாவம். தகப்பனார் அப்படி, நான் இப்படி. இந்த ஒரு சொல்லால் மகன் தகப்பனாரைக் கௌரவமாக அடக்கம் செய்துவிட்டார். நவீனம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி இந்த உபதலைப்பில் இருக்கிறது: நம்பிக்கையை ரசனையாக்கிவிடுவது. பிறகு அதோடு சண்டை போட வேண்டியதில்லை, வர்ணித்தால் போதும். முன்னுரையில் எட்மண்ட் எல்லாமே அப்பட்டமான உண்மை என்று சத்தியம் செய்கிறார். ஆன் த்வைட் 2002இல் வெளியிட்ட பிலிப் காஸின் வாழ்க்கை வரலாறு, மகன் தீட்டிய சித்திரம் பல இடங்களில் உண்மையோடு ஒட்டவில்லை என்று காட்டியது. கதை கூடாத வீட்டில் வளர்ந்தவர் தகப்பனாருக்கு ஒரு பழங்காலம் செய்து கொடுத்து அது நிஜம் என்றார். ஓம்ஃபலோஸைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதை இலக்கியம் என்று ஏற்றுக்கொண்டார்கள். தகப்பனாரோ 1863இலும் ஆர்க்கிட் பூக்களைப் பற்றி டார்வினுக்குக் கடிதம் எழுதி, பதில் வாங்கிக்கொண்டிருந்தார்.

டார்வின் வீட்டில் விஷயம் சுபாவமாகக் கரையவில்லை. மூத்த மகள் ஆனி 1851இல் பத்து வயசில் இறந்தாள். கல்யாணமான புதிதில், மறுமையில் நாம் பிரிந்துவிடுவோமோ என்ற பயத்தோடு மனைவி எம்மா எழுதிய கடிதத்தை டார்வின் கடைசிவரை வைத்திருந்தார். இதை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன், நான் செத்த பிறகு உனக்குத் தெரியட்டும் என்று அதன் மேலேயே குறித்தும் வைத்தார். 1876இல் எழுதத் தொடங்கிய சுயசரிதையில், நம்பாதவர்கள் நித்திய நரகத்துக்குப் போவார்கள் என்றால் தன் தகப்பனாரும் அண்ணனும் நெருங்கிய நண்பர்களும் போக வேண்டும், அது நாசமான போதனை என்று எழுதினார். குளவியும் இல்லை, புதைபடிவமும் இல்லை. அவர் கிறிஸ்தவத்தை விட்டதைச் சொல்லும் பக்கத்தில் தகப்பனாரும் அண்ணனும்தான் இருக்கிறார்கள். எம்மா அந்தப் பகுதி அச்சாக வேண்டாம் என்றார். 1887இல் மகன் பிரான்ஸிஸ் வெளியிட்ட பதிப்பில் அது இல்லை. பேத்தி நோரா பார்லோ 1958இல் அதைத் திரும்பச் சேர்த்தார்.